இரண்டு பேருக்கு வாரச் சாமான் செலவு எவ்வளவு? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம் முடிந்து தனியாக வீடு எடுத்து வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். கணவனும் மனைவியும் மட்டும், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுச் செலவைப் பல வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். பெறாமக்களும் வேலையிடத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மூன்று வேளையும் வீட்டில் சமைத்து, வாரத்தில் மூன்று நாள் மீன் சாப்பிடும் இரண்டு பேரை மனதில் வைத்து எழுதியது இது. விலைகளைக் கணக்குக்காக முழு எண்ணாக எடுத்திருக்கிறேன். உங்கள் சந்தை விலையை அதில் போட்டுப் பாருங்கள்.

ஒரு தொகையைச் சொல்லுங்கள். வாரத்துக்கு எவ்வளவு போதும்?

மச்சம் சாப்பிடும் வீட்டுக்கு 8,000 முதல் 9,000 ரூபா வரை. முழுச் சைவம் என்றால் 7,000 ரூபாவை ஒட்டி வரும். காஸ், சவர்க்காரம், பற்பசை, கடைச் சாப்பாடு எதுவும் இதற்குள் இல்லை. சாப்பாட்டுச் சாமான் மட்டும்.

"நாங்கள் அந்தக் காலத்தில் இவ்வளவு செலவழிக்கவில்லை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லலாம். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த விலை இப்போது இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதா மாதம் வறுமைக் கோடு என்று ஒரு தொகையை வெளியிடுகிறது. ஓர் ஆள் தன் அடிப்படைத் தேவைகளை முடிக்க மாதத்துக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அது. 2024இல் அந்தத் தொகை ஆளுக்கு ஏறக்குறைய 16,000 முதல் 17,000 ரூபாவாக இருந்தது. இரண்டு பேருக்கு 33,000 என்று வையுங்கள். அதில் உடுப்பும் போக்குவரத்தும் அடங்கும் என்றாலும், கோட்டில் நிற்கும் குடும்பத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும். ஆகவே "வாரம் 4,000 ரூபாவில் நடத்து" என்று யாராவது சொன்னால் உங்கள் மீது பிழை இல்லை, அந்தத் தொகையில்தான் பிழை. முடியாத தொகையை வைத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் தோற்றுப்போய் மனம் நோவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த 8,000 எங்கிருந்து வந்தது?

கிலோவிலிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமும் இதுதான்: முதலில் ரூபாவை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். இரண்டு பேர் ஒரு வாரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பது மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. விலைதான் மாறும். அளவு தெரிந்தவருக்கு விலை ஏறும்போது எங்கே கை வைக்கலாம் என்று தெரியும். வெறும் தொகை மட்டும் தெரிந்தவர் கடையில் நின்று தடுமாறுவார்.

எங்கள் வீட்டு அளவு இது. மத்தியானச் சோற்றுக்கு ஒரு சுண்டு அரிசி போடுகிறேன். எங்கள் சுண்டில் கால் கிலோவுக்குக் கிட்டப் பிடிக்கும். ஏழு நாளைக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கிலோ என்றே எழுதி, கிலோ 230 வீதம் 460 ரூபா. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஒன்றரைக் கிலோ பச்சையரிசி, மில் கூலியும் சேர்த்து 400. பாணும் கொஞ்சம் கோதுமை மாவும் 350. இதோடு 1,210 ஆயிற்று.

பருப்பு அரைக் கிலோ 150. உழுந்து, பயறு, கடலை மூன்றும் சேர்த்து அரைக் கிலோ 400. தோசைக்கு உழுந்து வேண்டியிருப்பதால்தான் இந்த இடம் ஏறுகிறது. தேங்காய் ஐந்து, 850. மரக்கறியும் கீரையுமாக நாலரைக் கிலோ, 1,350. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, உள்ளி, தேசிக்காய் எல்லாம் 650. இவற்றைத் தனியாக எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் கறிக்குப் போடும் இந்தச் சில்லறைச் சாமான்தான் கண்ணுக்குத் தெரியாமல் காசைத் தின்னும். மீன் ஒன்றரைக் கிலோ 1,600. முட்டை பத்து 350. பால் 600. சீனியும் தேயிலையும் 320. எண்ணெய் 300. தூள், உப்பு, புளி, சீரகம், மிளகு 250. வாழைப்பழம் 250.

எல்லாம் கூட்டினால் 8,280. அதன் மேல் ஒரு 400 ரூபாவைக் கையிருப்பாக வையுங்கள். தக்காளி திடீரென்று விலை ஏறும், யாராவது தேத்தண்ணிக்கு வந்து நிற்பார்கள். 8,680 ரூபா. அவ்வளவுதான் கணக்கு.

உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும். காலையில் பாண் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மா குறையும், இரவிலும் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு அரிசி கூடும். மூன்று வாரம் வாங்கியதையெல்லாம் நிறையோடு எழுதினால் உங்கள் அளவு தானாக வரும்.

சம்பளத்தில் இத்தனை வீதம் என்று வைப்பது சுலபம் இல்லையா?

சொல்லச் சுலபம், சமைக்க உதவாது. 2019இல் அரசு எடுத்த வீட்டு வருமான, செலவின ஆய்வில், சராசரிக் குடும்பம் செலவழித்த 100 ரூபாவில் 35 ரூபா உணவுக்குப் போயிருந்தது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்னர் இருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. சம்பளம் அப்படி ஏறவில்லை. அதன் பிறகு பழைய வீதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதிச் சட்டிக்குத்தான் சமைக்க வேண்டும்.

அளவிலிருந்து தொகையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தத் தொகையைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடிவிட்டால் எதைக் குறைப்பது என்று அப்போது இரண்டு பேரும் இருந்து பேசலாம்.

விலை வாரா வாரம் மாறுகிறது. பட்ஜெட்டையும் மாற்ற வேண்டுமா?

ஆம், ஆனால் முழுவதையும் அல்ல. அரிசி, பருப்பு, சீனி, மா போன்றவற்றின் விலையை மாதம் ஒரு முறை திருத்தினால் போதும். அரிசிக்கு 2024 டிசம்பரில் வர்த்தமானி மூலம் உச்ச சில்லறை விலை வைத்தார்கள்: பச்சையரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. நான் மேலே எடுத்த விலையும் அதிலிருந்துதான். மரக்கறி, மீன், தேங்காய் இந்த மூன்றும்தான் வாரா வாரம் ஆடும். சனிக்கிழமை சந்தைக்குப் போய் வந்ததும் அந்த மூன்று வரியை மட்டும் திருத்தி எழுதுங்கள்.

தேங்காய்க்கே இவ்வளவு போகிறதே. எப்படிக் குறைப்பது?

சம்பல், சொதி, பிட்டு, பால்கறி என்று எங்கள் சாப்பாடே தேங்காயில்தான் நிற்கிறது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு காய் 200 ரூபாவைத் தாண்டியபோது எத்தனை வீடுகளில் சொதி நின்றுபோனது! அந்த நேரத்தில்தான் நாங்கள் நாளுக்கு ஒரு காய் என்ற பழக்கத்தை வாரத்துக்கு ஐந்தாகக் கொண்டுவந்தோம்.

வழி இதுதான். காலைச் சாப்பாட்டையும் மத்தியானக் கறியையும் சேர்த்து யோசியுங்கள். காலையில் பிட்டு என்றால் அதற்கே அரைக் காய் போய்விடும். அன்று மத்தியானம் பால் விட்ட கறி ஒன்று போதும், மற்றது வறையோ பொரியலோ. காலையில் பாணும் பருப்பும் என்றால் மத்தியானத்துக்குச் சொதி வைக்கலாம். சம்பலும் சொதியும் பால்கறியும் ஒரே நாளில் வரும்போதுதான் முழுக் காயும் முடிகிறது. உடைத்த காயில் கண் இருக்கும் பாதியை முதலில் திருவுங்கள், அது கெதியில் பழுதாகும். மற்றப் பாதியைப் பிரிட்ஜில் வைக்கலாம். முதற்பாலைக் கடைசியில் விட எடுத்து வைத்து, இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயை அவியவிட்டால் அரைக் காயிலேயே இரண்டு கறி வைக்க முடியும். இது அம்மா காட்டித்தந்த முறை. படித்தவர்கள் சொன்ன எந்தச் சிக்கன வழியும் எனக்கு இந்த அளவுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரவில்லை.

தென்மராட்சிப் பக்கம் போக வேலை இருந்தால் கொடிகாமம் சந்தையில் ஒரு பத்துக் காயை எடுத்து வாருங்கள். தேங்காய்க்காக மட்டும் அங்கே போனால் பெற்றோல் காசு மிச்சத்தை விழுங்கிவிடும்.

எங்கே வாங்குவது? சந்தையா, சுப்பர் மார்க்கெற்றா?

மரக்கறிக்குச் சந்தை. எங்களுக்குத் திருநெல்வேலிச் சந்தை கிட்ட. வலிகாமத்தில் மற்றவர்களுக்கு மருதனார்மடமும் சுன்னாகமும், வடமராட்சிக்கு நெல்லியடி, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி. அந்தந்த இடத்து மண்ணில் விளைந்த கத்தரிக்காய், பயித்தங்காய், வெண்டிக்காய், பூசணி, சின்ன வெங்காயம் எல்லாம் அங்கே தோட்டத்திலிருந்து நேரே வருகிறது. கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி பெரும்பாலும் தம்புள்ளையிலிருந்து லொறி ஏறி வருபவை. அவற்றின் விலையில் பாதைக் கூலியும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஆசைக்குக் கரட் போதும். மீதி நாள் எங்கள் மண்ணின் மரக்கறியைச் சாப்பிட்டால் காசும் குறையும், பக்கத்துத் தோட்டக்காரர் கையிலும் காசு சேரும்.

பருப்பு, சீனி, மா, ரின்மீன் இவற்றைச் சதொசவிலும் கூட்டுறவுச் சங்கக் கடையிலும் விலை கேட்டுவிட்டு மற்ற இடத்தில் வாங்குங்கள். சுப்பர் மார்க்கெற்றில் விலைக்குறைப்புப் போடும் நாளில் பால்மாவும் எண்ணெயும் நல்ல விலைக்கு வரும். ஆனால் எழுதிய துண்டு இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வண்டிலைத் தள்ளிக்கொண்டு நடந்தால் தேவையில்லாத நான்கு சாமானாவது ஏறிவிடும். பக்கற்றில் அடித்திருக்கும் உச்ச விலையைவிடக் கூட்டி யாராவது கேட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

பின்னேரம் சந்தை கலையும் நேரத்தில் விலை விழும். அன்றே சமைக்கும் கீரைக்கு அது சரி. மூன்று நாள் வைக்கப்போகும் மரக்கறியைக் காலையிலேயே வாங்குங்கள்.

மீனுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

அளவை எழுதச் சொன்ன நானே மீனுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன்: மீனுக்குக் காசை வையுங்கள், மீனின் பெயரை வைக்காதீர்கள். "இன்றைக்கு விளைமீன்தான்" என்று நினைத்துக்கொண்டு போனால் அன்றைய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். "இன்றைக்கு 550 ரூபாவுக்கு மீன்" என்று போனால் கடல் என்ன தந்திருக்கிறதோ அதில் நல்லது கிடைக்கும்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைக் கிலோ. அறக்குளாவும் பாரையும் விளையும் வாங்கினால் அந்தக் காசில் இரண்டு நாள்கூட ஓடாது. சூடை, நெத்தலி, கீரி, திரளி போன்ற சிறு மீன்கள் எப்போதும் விலை குறைவு, சத்திலோ ருசியிலோ குறைவு இல்லை. நெத்தலியை முள்ளோடு பொரித்துச் சாப்பிடலாம். சூடையை மிளகாய்த்தூளும் புளியும் போட்டு வற்ற வைத்தால் அடுத்த நாள் பாணுக்கும் ஆகும். இரண்டு நாள் சிறு மீன், ஒரு நாள் பெரிய மீனில் ஒரு துண்டு என்பது எங்கள் வழக்கம். பெரிய மீன் வெட்டுவிக்கிற நாளில் தலையையும் கேட்டு எடுத்து வாருங்கள், மறுநாள் சொதிக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நண்டு, கணவாய், இறால் வாங்கும்போது நிறையை யோசியுங்கள். நண்டில் ஓடும் இறாலில் தலையும் கோதும் போக மிஞ்சுவது கொஞ்சம். கிலோ விலையைப் பார்த்து மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்தால் சந்தோஷமாகவும் இருக்கும், கணக்கும் குழம்பாது.

குருநகர், பாசையூர், காக்கைதீவுப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், வள்ளம் வந்ததும் வாங்கலாம். தள்ளி இருப்பவர்கள் செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஐஸில் பல நாள் கிடந்த மீனை அரை விலைக்கு வாங்கி வீட்டில் கொட்டுவது மிச்சம் பிடிப்பது ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, இருக்கிற மீனும் நெருப்பு விலை. வெயில் காலத்திலேயே நல்ல கருவாடாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கிக் காற்றுப் புகாத ரின்னில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கத்தரிக்காயோடு கருவாட்டுக் குழம்பு வைத்தால் மீன் இல்லாத குறை தெரியாது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் செலவு குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டதே?

இது பலருக்கு நடக்கிறது. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மச்சம் இல்லை என்று இருக்கும் வீடுகள் நிறைய. மீன் காசு மிச்சம் என்று நினைப்போம். ஆனால் ஊர் முழுக்க மரக்கறிக்குத் திரும்பும்போது மரக்கறிக்குக் கேள்வி கூடுகிறது. தயிர், நெய், உழுந்து, பயறு, வாழைப்பழம், படையலுக்கு வாழையிலை என்று வேறு சாமான் சேர்கிறது. வடையும் மோதகமும் பாயசமும் அடிக்கடி வரும். கோயிலடியில் கச்சானும் ஐஸ்கிரீமும் வேறு.

அந்த நான்கு வாரத்துக்கும் மீன் காசு 1,600ஐயும் முட்டைக் காசு 350ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு, 800ஐ மரக்கறிக்கும் பருப்பு வகைக்கும், 500ஐத் தயிர், நெய், பழத்துக்கும் மாற்றுங்கள். மீதி 650 படையலுக்கும் கோயிலடிச் செலவுக்கும். வாரத் தொகை மாறாது. கந்தசஷ்டி ஆறு நாளுக்கும் புரட்டாதிச் சனிகளுக்கும் இதே கணக்கைச் சிறிதாகப் போடலாம். தவக்காலம் அனுசரிக்கும் கிறிஸ்தவ வீடுகளுக்கும் இது பொருந்தும்.

அரிசி மூட்டை, தூள் போன்றவற்றை மொத்தமாக வாங்கினால் அந்த வாரம் கணக்கு உடைகிறதே?

அவற்றுக்குத் தனி உறை வையுங்கள். தூள் கணக்கை எடுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வாங்கி வறுத்து மில்லில் அரைப்பிக்கும் நாளில் ஒரு பெரிய தொகை கையை விட்டுப் போகும். ஆனால் அந்தத் தூள் எங்களுக்கு மூன்று, நான்கு மாதம் வரும். ஆகவே வாரா வாரம் 150 ரூபாவைத் தூள் உறைக்குள் போட்டுவிடுகிறேன். மேலே சொன்ன 250க்குள் அந்தக் காசும் இருக்கிறது. அரைப்பிக்கும் நாளில் உறையைத் திறந்தால் காசு இருக்கும். பக்கற் தூளை 100 கிராம், 100 கிராமாக வாங்குவதைவிட இது மலிவு. மணத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அரிசியும் அப்படித்தான். தையில் நெல் வெட்டி முடிந்து மாசி, பங்குனியில் புது அரிசி வரும் நேரத்தில் தெரிந்த கமக்காரரிடம் பத்துக் கிலோ எடுக்க முடிந்தால் எடுங்கள். பூச்சி பிடிக்காமல் வைக்க இடம் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். ஒரு முறை 25 கிலோ எடுத்து, இடம் போதாமல் ஈரச் சுவரோரம் மூட்டையை வைத்துப் பாதியைக் கோழிக்குப் போட்டோம். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் அவசியமே இல்லை என்று அன்றைக்கு விளங்கியது.

மூலைக் கடையில் கொப்பியில் எழுதி வாங்குகிறோம். அது பிழையா?

பிழை இல்லை. கையில் காசு இல்லாத நேரத்தில் நம்பிச் சாமான் தருகிற கடைக்கார அண்ணையை நான் மதிக்கிறேன். 2022இல் எத்தனை குடும்பத்துக்கு அந்தக் கொப்பிதான் சோறு போட்டது. ஆனால் கடன் கொப்பியில் வாங்கும்போது விலை கேட்கிற பழக்கம் போய்விடுகிறது. அதுதான் ஆபத்து. "அண்ணை, எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

இரண்டு விஷயம் செய்யுங்கள். அவர் எழுதும்போதே நீங்களும் போனிலோ துண்டிலோ விலையோடு எழுதுங்கள். மாதக் கடைசிவரை விடாமல் வாரா வாரம் தீருங்கள். வாரம் தீர்க்க முடியாத அளவுக்கு வந்தால், அந்த வாரமே எங்கோ அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். சமைக்க நேரம் இல்லை, கடையில் எடுத்தே காசு போகிறது.

உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து தேங்காய் திருவ யாருக்கும் மனம் வராது. மாதக் கடைசியில் இரண்டு பேரும் பிட்டும் கொத்துரொட்டியும் பார்சல் எடுத்த காசைக் கூட்டிப் பார்த்தபோது, அது வாரச் சாமான் செலவில் பாதியைத் தொட்டிருந்தது. எங்கள் முதல் வருடம் அப்படித்தான் போனது.

கடைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். அதற்கு ஒரு நாளைத் தீர்மானித்து, அந்தக் காசைச் சாமான் காசோடு கலக்காமல் வையுங்கள். மற்ற நாட்களுக்கு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். வறுத்த மா இருந்தால் பிட்டு இருபது நிமிடம். தோசைமா அரைத்து வைத்தால் இரண்டு இரவு ஓடும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் பெட்டியில் வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் அடுப்பை மூட்டட்டும். சமையலறை ஒருவருடைய பொறுப்பு என்று இருக்கும் வீட்டில் களைத்துப்போனவர்தான் பார்சலுக்குப் போன் எடுப்பார்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நிற்கிறார்கள். என்ன செய்வது?

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்தால் வாரக் கணக்கை மூடி வைத்துவிடுங்கள். அந்த நாட்களுக்குத் தனிக் கணக்கு. அவர்கள் ஒடியல் கூழும் நண்டுக் கறியும் கேட்பது ஊர் நினைவில்தான், அதை ஆசையோடு செய்து கொடுங்கள். இந்தச் செலவுக்கென்று வருடம் முழுக்க வாரம் 200 ரூபா எடுத்து வைத்தால் பத்தாயிரத்துக்கு மேல் சேரும். அவர்கள் போகும்போது கையில் வைத்துவிட்டுப் போகும் காசை நம்பி முன்னரே கடன் வாங்காதீர்கள்.

வளவு இருக்கிறது. அதில் ஏதாவது மிச்சம் பிடிக்கலாமா?

கட்டாயம். முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, தேசி ஒன்று, ஒரு பப்பாசி. முருங்கையிலை வறையும் காயும் வாரத்தில் இரண்டு நாள் மரக்கறிக் காசை எடுத்துக்கொள்ளும். வாடகை வீடு என்றால் பழைய வாளியில் பச்சை மிளகாயும் பொன்னாங்காணியும் வையுங்கள்.

கொப்பியை யார் எழுதுவது? எங்களுக்குள் சண்டை வருகிறது.

வாங்கியவர் எழுதட்டும். ஒருவர் வாங்கி மற்றவர் கணக்குக் கேட்கும் வீட்டில்தான் சண்டை வரும். ஒரு கொப்பி, சமையலறை மேசையில், பேனையும் அதோடு கட்டி. சாமான், நிறை, விலை மூன்றும் ஒரே வரியில். சனிக்கிழமை இரவு தேத்தண்ணி குடித்துக்கொண்டு பத்து நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டுங்கள். எதற்கு இதை வாங்கினாய் என்று கேட்காமல், இது எத்தனை நாள் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மாமியோ அம்மாவோ கொப்பியைப் பார்த்துக் கருத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை நீங்கள் இரண்டு பேரும் எடுங்கள்.

எங்களிடம் வாரம் 6,000தான் இருக்கிறது. முடியுமா?

முடியும், ஆனால் எதைக் குறைப்பது என்பதில் கவனம் வேண்டும். நிறையப் பேர் முதலில் முட்டையையும் பருப்பையும் பழத்தையும் வெட்டிவிட்டுப் பாணையும் சீனித் தேத்தண்ணியையும் கூட்டுகிறார்கள். வயிறு நிறையும், உடம்பு வாடும். அதைச் செய்யாதீர்கள்.

மேலே சொன்ன 8,280இலிருந்து இறங்கிப் பார்ப்போம். மீனை முழுக்கச் சிறு மீனாக்கினால் 700 குறையும். கரட், லீக்ஸை விட்டுவிட்டுக் கீரை, பூசணி, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு என்று அந்தந்தக் காலத்து மரக்கறிக்குப் போனால் 350. பால்மாவைத் தேத்தண்ணிக்குப் போடாமல் வெறுந்தேத்தண்ணி குடித்தால் 250. தேங்காய் நான்காகினால் 170. உழுந்தைக் குறைத்து கௌபீயும் கடலையும் வாங்கினால் 150. பாணைக் குறைத்து வீட்டில் ரொட்டி தட்டினால் 150. வெங்காயம், தக்காளியில் ஒரு 150. சீனி, எண்ணெய் இரண்டிலும் 80, 80. பழத்தைச் சந்தை கலையும் நேரத்தில் வாங்கினால் 100. மொத்தம் 2,180 குறைந்து, 6,100இல் நிற்கும். முட்டை பத்தும் பருப்பு அரைக் கிலோவும் கீரையும் தொடாமல் அப்படியே இருக்கிறது, பாருங்கள். மீதி 100 ரூபாவுக்கு வளவில் ஒரு முருங்கைக் கம்பை நட்டால் வரும் வருடம் அதுவும் சரியாகும்.

இதற்குக் கீழே போகவேண்டிய நிலை என்றால் அது சமையலறையில் தீர்கிற விஷயம் இல்லை. வெட்கப்படாமல் கிராம சேவையாளரிடம் அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்தைப் பற்றிக் கேளுங்கள்.

பிள்ளை உண்டாகியிருக்கிறது. பட்ஜெட்டை எப்படி மாற்றுவது?

முதலில் சந்தோஷம். அடுத்து, சிக்கனத்தை இந்த மாதங்களுக்கு மற்றவர் தட்டில் மட்டும் வையுங்கள். அம்மாவாகப் போகிறவருக்கு நாளுக்கு ஒரு முட்டை, பால், கீரை, சிறு மீன், பயறு என்று வாரத்துக்கு 1,200 முதல் 1,500 ரூபா வரை கூட்டி எழுதுங்கள். கிளினிக்கில் பதிந்தால் திரிபோஷா என்ற சத்துமாவைத் தருவார்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இரும்புச் சத்துக் குளிசை போடுகிற நேரத்தில் தேத்தண்ணி குடிக்க வேண்டாம். திரிபோஷாவைத் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் பனங்கட்டியும் சேர்த்து உருட்டிக் கொடுத்தால், குமட்டல் உள்ளவர்களும் சாப்பிடுவார்கள்.